பெயர் தொலைந்த நீர்மூழ்கி

கடலடியில் கிடக்கும் வரலாறு – அத்தியாயம் 9

'ஆண்ட்ரியா டோரியா'வின் கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1956-ல் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே மூழ்கிய அந்த இத்தாலியப் பயணிகள் கப்பலின் மணியை 1985-ல் மேலே கொண்டுவந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பில் நேகல். அவரை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த அத்தியாயமும் அவருடைய படகிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆண்ட்ரியா டோரியா எங்கே மூழ்கியது, எப்படி மூழ்கியது என்பது உலகத்துக்கே தெரியும். இனி வரப்போவது வேறு மாதிரியான கப்பல். அங்கே அப்படி ஒன்று கிடக்கிறது என்பதே எந்த நாட்டுப் பதிவேட்டிலும் இல்லை. அதில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு வேறொரு கண்டத்தின் கரையைக் காட்டி, உங்கள் பிள்ளைகள் அங்கேதான் மூழ்கினார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு மீனவர் தந்த எண்கள்

நியூ ஜெர்சி கரையோரம் மீன் பிடிக்கும் படகுக்காரர்களிடம் சில எண்கள் இருக்கும். கடலடி மணல்வெளியில் மேடாக ஏதாவது கிடந்தால் அதைச் சுற்றி மீன் சேரும். அந்த இடத்துக்கு மறுபடியும் சரியாகப் போய்ச்சேர, ஜி.பி.எஸ். பரவுவதற்கு முந்திய அந்த நாட்களில் லொரான் என்ற வானொலி வழிகாட்டி முறையின் எண்களைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். அது தொழில் ரகசியம். அப்படி ஓர் எண்ணை மீன்பிடிப் படகின் தலைவர் ஒருவர் 1991-ல் பில் நேகலுக்குக் கொடுத்தார். பதிலுக்கு நேகல் தன்னிடமிருந்த வேறோர் இடத்தின் எண்களைக் கொடுத்தார்.

கீழே என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. பாறைக் குவியலாக இருக்கலாம், எப்போதோ கவிழ்ந்த சரக்குத் தோணியாகவும் இருக்கலாம். போய்ப் பார்த்துவிடலாம் என்று நேகல் முடிவு செய்தார். துணைக்கு ஜான் சாட்டர்டனை அழைத்தார். வியட்நாம் போரில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்; நியூ யார்க் துறைமுகப் பகுதியில் நீருக்கடியில் வெட்டி ஒட்டிப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். செலவைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்த சிலரும் சேர்ந்தார்கள்.

1991 செப்டம்பர் 2 அன்று, கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, 'சீக்கர்' என்ற அவர்களுடைய படகு அந்த இடத்தில் நின்றது. ஆழம் 230 அடி, அதாவது சுமார் 70 மீட்டர். எதிர்பார்த்ததைவிட அதிகம். கொக்கி கடலடியில் எதையோ பற்றிக்கொண்டது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கியவர் சாட்டர்டன்.

கீழே இருட்டு. கைவிளக்கின் வெளிச்சத்தில் முதலில் உலோகத் தகடுகளும் உடைந்த குழாய்களும்தான் தெரிந்தன. பிறகு, மேற்பரப்பில் சாய்வாக அமைந்த ஒரு திறப்பைக் கண்டார். சரக்குக் கப்பலில் யாரும் திறப்பைச் சாய்வாக வைப்பதில்லை. நீளமான, உருண்டையான ஒரு பொருளைச் சரித்து உள்ளே இறக்குவதற்குத்தான் அப்படி வைப்பார்கள். தலையை உள்ளே நீட்டி விளக்கை அடித்தார். டார்பிடோ ஒன்று அவரைப் பார்த்தபடி கிடந்தது.

அது ஒரு நீர்மூழ்கிக் கப்பல்.

மேலே வந்து செய்தியைச் சொன்னதும் படகே ஆரவாரித்தது. ஜெர்மன் நீர்மூழ்கியாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். சில நாட்களில் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தால் அதன் எண் தெரிந்துவிடும் என்று நம்பினார்கள். ஆனால் அந்தப் பகுதியில் எந்த நீர்மூழ்கியும் மூழ்கியதாக எந்த ஆவணமும் சொல்லவில்லை. எண் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின. மூன்று உயிர்கள் போயின.

70 மீட்டர் ஆழம் உடலை என்ன செய்கிறது?

மேற்கொண்டு கதைக்குள் போகுமுன், அந்த ஆழத்துக்கு இறங்குவது என்றால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் இந்த ஆறு ஆண்டுகளும் புரியாது.

நாம் தரையில் சுவாசிப்பது 1 வளிமண்டல அழுத்தத்தில். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 70 மீட்டரில் மொத்தம் 8. சிலிண்டரிலிருந்து வரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் போக வேண்டும். ஆகவே, தரையில் 8 நிமிடம் வரும் காற்று அங்கே ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும். பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டரை எல்லையாக வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் அது நம்மை ஒன்றும் செய்யாது. 30 மீட்டருக்குக் கீழே போகப்போக அது மூளையை மழுங்கடிக்கத் தொடங்குகிறது. 70 மீட்டரில் அது முழு போதை. பார்வை குறுகுகிறது, அற்ப விஷயம் பெரிதாகத் தெரிகிறது, ஒரு முடிச்சை அவிழ்க்கும் வழி மறந்துபோகிறது. மறந்துபோனது என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது ஆபத்து மேலே வரும்போது. கோலி சோடாவில் குண்டை அழுத்தியதும் குபுகுபுவென்று குமிழ் கிளம்புவதைப் பார்த்திருக்கிறோம். அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் விலகியதும் வெளியே பாய்கிறது. ஆழத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜனும் அப்படித்தான். மெல்ல மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். அவசரமாக வந்தால் ரத்தக்குழாய்களிலேயே குமிழ்களாகும். மூட்டு, முதுகுத்தண்டு, மூளை, இதயம் என்று எங்கு வேண்டுமானாலும் அது அடைத்துக்கொள்ளலாம். ஆகவே, அந்த நீர்மூழ்கியில் 20, 25 நிமிடம் இருந்துவிட்டு வருபவர் கயிற்றைப் பிடித்தபடி வெவ்வேறு ஆழங்களில் நின்று நின்று, ஒரு மணி நேரத்துக்கும் மேல் செலவிட்டுத்தான் தலையை வெளியே காட்ட முடியும். கீழே என்ன விபரீதம் நேர்ந்தாலும் நேராக மேலே ஓடிவரும் வழி அவருக்குக் கிடையாது.

இதற்கு மாற்று இருக்கிறது. நைட்ரஜனின் பெரும் பகுதியை எடுத்துவிட்டு ஹீலியத்தைச் சேர்த்தால் மூளை தெளிவாக இருக்கும். 1939-ல் மூழ்கிய 'ஸ்குவாலஸ்' என்ற அமெரிக்க நீர்மூழ்கியை ஏறக்குறைய இதே ஆழத்திலிருந்து மீட்டபோது அமெரிக்கக் கடற்படை ஹீலியக் கலவையைப் பயன்படுத்தியது. ஆனால் அது கடற்படைக்கும் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் உரிய சங்கதியாகவே நெடுங்காலம் இருந்தது. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்த 'டிரைமிக்ஸ்' 1980-களின் இறுதியில்தான் குகைகளில் முக்குளிக்கும் தனி ஆட்களின் கைக்கு வந்தது. மேலே வரும் கால அட்டவணைகளை உடலியல் அறிஞர் பில் ஹாமில்டன் போன்றவர்கள் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். 'டெக்னிக்கல் டைவிங்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் துறை உருவான காலம் அதுதான். 1991-ல் நியூ ஜெர்சியில் பெரும்பாலோர் இன்னும் வெறும் காற்றோடுதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹீலியத்தின் விலை ஒரு காரணம். புதியதன் மேலிருந்த சந்தேகம் இன்னொரு காரணம்.

முதல் மரணம், முதல் தடயங்கள்

செப்டம்பர் 21-ம் தேதி சீக்கர் மறுபடி அங்கே போனது. அந்தப் பயணத்தில் ஸ்டீவ் ஃபெல்ட்மன் என்பவர் கீழே நினைவிழந்தார். கூட இருந்தவர் அவரைத் தூக்கிவர முயன்றும் முடியவில்லை. நீரோட்டம் உடலை இழுத்துச் சென்றுவிட்டது. பல மாதங்கள் கழித்து ஒரு மீன்பிடிப் படகின் வலையில் அந்த உடல் கிடைத்தது.

ரிச்சி கோலர் இந்தக் கதைக்குள் வந்தது அந்தப் பருவத்தில்தான். கண்ணாடித் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தவர். முதலில் அவருக்கும் சாட்டர்டனுக்கும் ஒத்துப்போகவில்லை. கோலரின் நண்பர்கள் மூழ்கிய கப்பல்களிலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவரும் கூட்டம். சாட்டர்டனுக்கோ, கப்பலின் அமைப்பை மனத்தில் வரைந்துகொண்டு, தேவையான ஒன்றை மட்டும் தேடிப் போக வேண்டும். இந்த வேறுபாடு போகப்போகக் கரைந்தது.

தடயங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் பீங்கான் கிண்ணங்கள். அடியில் கழுகும் ஸ்வஸ்திகமும் 1942 என்ற ஆண்டும் பொறித்திருந்தன. ஜெர்மன் கப்பல்தான் என்பது உறுதியானது. பிறகு ஒரு தகடு. அது ஒன்பதாம் வகை 'சி' நீர்மூழ்கி என்பதையும், பிரேமன் நகரின் டெஷிமாக் தளத்தில் கட்டப்பட்டது என்பதையும் அது சொன்னது. ஏறத்தாழ 77 மீட்டர் நீளம், முன்பக்கம் நான்கு டார்பிடோக் குழாய்கள், பின்பக்கம் இரண்டு, அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கக் கரைவரை வந்து திரும்பும் அளவுக்கு எரிபொருள் என்பது இந்த வகையின் அமைப்பு. இதே வகையைச் சேர்ந்த யு-505 சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1944-ல் அமெரிக்கக் கடற்படை உயிரோடு பிடித்த கப்பல் அது. சாட்டர்டன் அங்கே போய், எந்த அறைக்கு அடுத்து எந்த அறை, எந்தச் சுவரில் எந்த அலமாரி என்று பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு தடயம் வீட்டில் கிடைத்தது. நீர்மூழ்கி ஆட்கள் தப்பிக்கும்போது மாட்டிக்கொள்ளும் சுவாசப் பை ஒன்றைச் சாட்டர்டன் எடுத்துவந்து தன் வீட்டு கராஜில் உலர வைத்திருந்தார். ஒருநாள் அதிலிருந்த சிறிய ஆக்சிஜன் குப்பி வெடித்தது. அரை நூற்றாண்டு கடலுக்குள் கிடந்தும் அதற்குள் வாயு மிச்சமிருந்திருக்கிறது. அறை சிதறிக் கிடந்தது. குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேலே படிந்திருந்த கறை வெடித்த வேகத்தில் உரிந்து, அதுவரை தெரியாத எழுத்துகள் தெரிந்தன: 15.4.44. குப்பியைச் சோதித்த தேதி அது. ஆகவே, 1944 ஏப்ரல் 15-க்குப் பிறகுதான் இந்தக் கப்பல் கடைசிப் பயணம் கிளம்பியிருக்க வேண்டும். பட்டியலில் இருந்த பல பெயர்கள் அந்த ஒரு தேதியால் அடிபட்டுப் போயின.

எல்லாவற்றையும்விட நேரடியான தடயம் 1991 நவம்பரிலேயே கிடைத்துவிட்டது. மரப்பிடி போட்ட ஒரு கத்தி. பிடியில் ஒருவர் தன் கையாலேயே செதுக்கிய பெயர்: ஹோரன்புர்க்.

கத்தியை நம்புவதா, காகிதத்தை நம்புவதா?

ஜெர்மனியில் நீர்மூழ்கி ஆவணக்காப்பகத்தைத் தனி ஒருவராகத் தொடங்கி வளர்த்தவர் ஹோர்ஸ்ட் பிரெடோ. போரில் தானும் நீர்மூழ்கியில் இருந்தவர். அவருடைய கோப்புகளில் அந்தப் பெயருக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். மார்ட்டின் ஹோரன்புர்க், வானொலிப் பிரிவில் மூத்தவர். கப்பல், யு-869.

அத்துடன் புதிர் அவிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அதே கோப்பு இன்னொன்றையும் சொன்னது. யு-869, 1945 பிப்ரவரி 28-ல் ஜிப்ரால்டர் பக்கம், மொராக்கோவின் ரபாத் நகருக்கு அப்பால், 'ஃபௌலர்' என்ற அமெரிக்கக் கப்பலாலும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றாலும் மூழ்கடிக்கப்பட்டது. அமெரிக்கப் பதிவிலும் அப்படியே, பிரிட்டிஷ் பதிவிலும் அப்படியே. அச்சான புத்தகங்கள் எல்லாவற்றிலும் அப்படியே.

ரபாத்துக்கு அருகில் மூழ்கிய கப்பல், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நியூ ஜெர்சியில் எப்படிக் கிடக்கும்? கத்தி கைமாறியிருக்கும், யாரோ இரவல் வாங்கியிருப்பார்கள், துறைமுகத்தில் தொலைந்ததை வேறொருவர் எடுத்திருப்பார் என்று விளக்கங்கள் வந்தன. சாட்டர்டனும் கோலருமேகூட அதை ஏற்றுக்கொண்டு வேறு எண்களைத் துரத்தினார்கள். சில காலம், இது யு-857 ஆக இருக்கலாம் என்று நம்பினார்கள்.

நான் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். கையால் செதுக்கிய ஒரு பெயர் ஒரு பக்கம். மூன்று நாட்டு ஆவணங்கள் மறுபக்கம். அனுபவம் உள்ள யாரும் ஆவணத்தின் பக்கம்தான் சாய்வார்கள். அதில் தப்பும் இல்லை. ஆனால், அந்த ஆவணங்கள் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியிருந்தது. ஒரே சாட்சி மூன்று முறை பேசியதைத்தான் மூன்று சாட்சிகள் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

தந்தையும் மகனும்

1992 அக்டோபர் 12. கிறிஸ் ரௌஸ், அவருடைய மகன் கிறிஸ்ஸி. குகைகளில் தேர்ச்சி பெற்றவர்கள். டிரைமிக்ஸை நன்கு அறிந்தவர்கள். அன்று செலவைக் கருதிக் காற்றோடு இறங்கினார்கள்.

22 வயது மகன் நீர்மூழ்கிக்குள் நுழைந்து தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்த கனமான பொருட்கள் சரிந்து அவரை அமுக்கின. வெளியே காத்திருந்த தந்தை உள்ளே போய் அவரை மீட்டார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. மேலே வரும் வழியில் சுவாசிக்க வைத்திருந்த சிலிண்டர்களை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. நைட்ரஜன் மயக்கமும் பதற்றமும் சேர்ந்துகொண்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் படிப்படியாக வந்திருக்க வேண்டியவர்கள், எங்கும் நிற்காமல் நேராக மேலே வந்துவிட்டார்கள்.

தந்தை படகிலேயே இறந்தார். மகனைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் நியூ யார்க்குக்குக் கொண்டுபோய் அழுத்த அறையில் வைத்துப் பார்த்தார்கள். அவரும் பிழைக்கவில்லை.

இவர்களைத் துணிச்சலுக்கு உதாரணமாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அசட்டுத்தனத்துக்கு உதாரணமாகக் காட்டவும் வரவில்லை. தேர்ச்சி இருந்தது, அன்பு இருந்தது, பழக்கமும் இருந்தது. ஹீலியத்துக்கு ஆகும் தொகை மட்டும் மிச்சப்படுத்தப்பட்டது. ஆழம் அந்த ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த மரணங்களுக்குப் பிறகு அட்லாண்டிக் கரையில் ஆழத்துக்குப் போகிறவர்கள் டிரைமிக்ஸுக்கு மாறுவது வேகம் பிடித்தது. சாட்டர்டன் முன்பே மாறியிருந்தார். தயங்கிக்கொண்டிருந்த கோலரும் மாறினார்.

பில் நேகல் இந்தப் புதிரின் விடையைத் தெரிந்துகொள்ளவில்லை. உடல்நலம் கெட்டு 1993-ல் காலமானார்.

ஆவணத்துக்குள் இருந்த ஓட்டை

கடலில் இறங்க முடியாத குளிர்மாதங்களில் இருவரும் வாஷிங்டனின் காப்பகங்களில் உட்கார்ந்தார்கள். லண்டனில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆய்வாளர் ராபர்ட் காப்பாக் உதவினார். அங்கே அவர்கள் கண்டுபிடித்தது நீர்மூழ்கியைக் கண்டுபிடித்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல.

போர்க்காலத்தில் ஒரு நீர்மூழ்கியைத் தாக்கினால், அது மூழ்கியதா, சேதம் மட்டுமா, ஒன்றுமே இல்லையா என்று கடற்படை ஒரு மதிப்பெண் போடும். பிப்ரவரி 28 அன்று ரபாத் பக்கம் நடந்த தாக்குதலுக்கு அப்போது நல்ல மதிப்பெண் கிடைக்கவில்லை. உடைந்த பாகம் எதுவும் மிதக்கவில்லை. உடல் எதுவும் கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகு, திரும்பிவராத கப்பல்களுக்கெல்லாம் ஒரு முடிவு எழுத வேண்டியிருந்தது. யு-869-க்கு ஜிப்ரால்டர் போகும்படி உத்தரவு போயிருந்தது. ஜிப்ரால்டர் பக்கம் ஒரு தாக்குதலும் நடந்திருந்தது. இரண்டையும் சேர்த்து எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அந்த உத்தரவின் கதையைத் தேடினார்கள். யு-869 1944 டிசம்பரில் நார்வேயிலிருந்து கிளம்பியது. தலைவர் ஹெல்முட் நோயர்புர்க்குக்கு வயது 27. நியூ யார்க்கை நெருங்கும்படி முதல் உத்தரவு. ஆனால் கப்பல் ஐஸ்லாந்தைச் சுற்றிக்கொண்டு நீண்ட வழியில் போனது தெரிந்ததும், எரிபொருள் போதாது என்று கரையிலிருந்த தலைமை கவலைப்பட்டு, ஜிப்ரால்டருக்குத் திரும்பும்படி 1945 ஜனவரியில் செய்தி அனுப்பியது. அது கிடைத்ததாகக் கப்பலிலிருந்து பதில் வரவில்லை.

இந்தச் செய்திகளை ஜெர்மானியர்கள் மட்டுமல்ல, நேச நாடுகளும் படித்துக்கொண்டிருந்தன. ஜெர்மன் ரகசியக் குறியீட்டை உடைத்துப் படித்த விவரம் 1970-கள்வரை வெளியே தெரியாது. வாஷிங்டனில் பத்தாம் கடற்படைப் பிரிவின் உளவுச் சுருக்கங்கள் பிறகு வெளியாயின. அவற்றில் யு-869-இன் நகர்வு குறிக்கப்பட்டிருந்தது. அது புதிய உத்தரவைப் பெறாமல் நியூ யார்க் நோக்கியே வந்துகொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் அன்றே எழுதி வைத்திருந்தார்கள். போருக்குப் பின் கோப்பை மூடியவர்களின் மேசைக்கு அந்தச் சுருக்கம் போகவில்லை.

கத்தி உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

எலும்புகளுக்கு நடுவே

இங்கே ஒரு கேள்வி எழும். 56 பேர் உள்ளேயே இறந்த கப்பல். அவர்களுடைய உடைமைகளில், சட்டைப் பைகளில், காலணிகளில் பெயரும் எண்ணும் இருந்திருக்குமே? அவற்றைத் தேடியிருந்தால் ஓரிரு பருவத்திலேயே விடை கிடைத்திருக்குமே?

கிடைத்திருக்கும். எலும்புகள் கண்ணெதிரே கிடந்தன. துணி ஒட்டிய எலும்புகளும் இருந்தன. சாட்டர்டனும் கோலரும் அவற்றைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை; 70 மீட்டர் ஆழத்தில் அவர்களைப் பார்ப்பாரும் இல்லை. இறந்தவர்களைக் கிளறி எடுக்கும் பெயர் வேண்டாம் என்பது அவர்களே தங்களுக்கு இட்ட விதி. அந்த விதியால் கூடுதலாகப் பல ஆண்டுகள் போயின, ஆபத்தும் பெருகியது. எனக்கு இந்தக் கதையில் டிரைமிக்ஸைவிட, லொரான் எண்களைவிட, இந்த முடிவுதான் பெரிதாகப் படுகிறது. வரலாற்றைத் தேடுகிறவர் எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்கிறோம். எதைத் தொட மறுத்தார் என்பதையும் கேட்க வேண்டும்.

ஆகவே, பெயரைச் சொல்லக்கூடிய வேறொரு பொருளைத் தேடினார்கள். நீர்மூழ்கியின் உதிரிபாகப் பெட்டிகளில் கப்பலின் எண் பொறித்த தகடு இருக்கும். அந்தப் பெட்டிகள் மின்மோட்டார் அறையில் இருக்கும். அந்த அறைக்குப் போகும் வழியில் டீசல் என்ஜின் அறை. அங்கே ஒரு பெரிய எரிபொருள் தொட்டி சரிந்து விழுந்து வழியை அடைத்திருந்தது. மேலே ஓர் இடுக்கு மட்டும் மிச்சம். முதுகில் சிலிண்டர்களோடு அதில் நுழைய முடியாது.

சாட்டர்டனின் யோசனை, முதுகுச் சிலிண்டர்களையே கழற்றிவிடுவது. ஒரே ஒரு சிறிய சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு இடுக்கு வழியாக நுழைவது, அதிலிருக்கும் காற்று தீர்வதற்குள் திரும்பி வருவது. கோலர் அதை எதிர்த்தார். இது தற்கொலை என்று வாதிட்டார். கடைசியில் இடுக்குக்கு இந்தப் பக்கம் காத்திருக்கச் சம்மதித்தார்.

1997 ஆகஸ்ட் 31. சாட்டர்டன் உள்ளே போனார். பெட்டிகள் குவிந்து கிடந்த இடத்தைக் கனமான ஓர் உருளை மறித்தது. சம்மட்டியால் அடித்தார். அப்போதுதான் அது அழுத்தம் நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டராக இருக்கக்கூடும் என்பது அவருக்கு உறைத்தது. கராஜில் வெடித்தது ஒரு சிறு குப்பி. இது ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்தது. இருந்தும் அடித்து அதை நகர்த்தினார். பெட்டிகளை எடுத்து இடுக்கு வழியாகக் கோலரிடம் கொடுத்தார். திரும்பும்போது தொங்கிக்கொண்டிருந்த கம்பிகளில் சிக்கினார். விடுவித்துக்கொள்வதற்குள் சிலிண்டர் காலியானது. நுரையீரலில் இருந்த மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு கப்பலைவிட்டு வெளியே நீந்தி, மேலே வைத்திருந்த மாற்றுச் சிலிண்டரை எட்டிப் பிடித்தார்.

அவர் இன்னும் கயிற்றில் அழுத்தம் தணித்துக்கொண்டிருந்தபோதே பெட்டி படகுக்கு வந்துவிட்டது. அதிலிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தார்கள்.

யு-869.

இரண்டு துளைகள்

எண் தெரிந்தது. எப்படி மூழ்கியது என்பதில் வாதம் தொடர்ந்தது. கப்பலின் நடுவே, கட்டுப்பாட்டு அறை இருந்த இடத்தில், பெரிய துளை. அதன் கோபுரம் பிய்ந்து பக்கத்தில் மணலில் கிடக்கிறது. பின்பகுதியிலும் சேதம்.

சாட்டர்டனும் கோலரும் ஒரு விளக்கத்தை நம்பினார்கள். ஒலியைத் துரத்திப் போகும் ஜெர்மன் டார்பிடோ இலக்கைத் தவறவிட்டு, வட்டமடித்து, ஏவிய கப்பலையே வந்து தாக்கியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆழ்கடல் முக்குளிப்பில் மூத்தவரான கேரி ஜென்டைல் உள்ளிட்டோர் இதை மறுத்தார்கள். இரண்டு சேதங்களுக்கு ஒரு டார்பிடோ விளக்கமாகாது என்றார்கள். 2005-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை தன் முடிவைச் சொன்னது. 1945 பிப்ரவரி 11 அன்று சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன 'ஹவர்ட் டி. க்ரோ', 'கோய்னர்' என்ற இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் அந்தப் பகுதியில் நீருக்கடியில் ஏதோ ஒன்றைத் தாக்கியிருந்தன. நீர்மூழ்கியை மூழ்கடித்ததாக அன்று அவர்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. 60 ஆண்டுகள் கழித்து யு-869 அவர்கள் கணக்கில் சேர்ந்தது.

இரண்டு தாக்குதல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உண்மையில் மூழ்கடித்தவர்களின் அறிக்கை ஒன்றுமில்லை என்று ஒதுக்கப்பட்டது. ஒன்றும் மூழ்கடிக்காத இடத்தில் ஒரு கப்பல் மூழ்கியதாகப் பதிவாகியது. யாரும் பொய் சொல்லவில்லை. கையிலிருந்த கொஞ்சத் தகவலை வைத்து, அவசரத்தில், ஒரு வரி எழுதினார்கள். அந்த வரி அரை நூற்றாண்டு நின்றது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பணிபுரிந்த ஏறத்தாழ 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை. அவர்கள் ஒரு கொடுமையான ஆட்சிக்காகப் போரிட்டார்கள். அவர்களுடைய டார்பிடோக்களால் ஆயிரக்கணக்கான மாலுமிகள் நடுக்கடலில் மாண்டார்கள். இதை மறைத்துவிட்டு யு-869-க்காக இரங்க முடியாது. ஆனால் அந்தக் கப்பலில் 17 வயதுப் பையன் ஒருவனும் இருந்தான். அவனுக்கும் மற்ற 55 பேருக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். நுரையீரல் நோயால் அந்தப் பயணத்தில் போக முடியாமல் உயிர் தப்பிய வானொலிப் பணியாளர் ஒருவரும் ஜெர்மனியில் இருந்தார். கோலர் 2002-ல் அங்கே போய் அவரையும் சில குடும்பங்களையும் நேரில் பார்த்து, கீழே கண்டதைச் சொன்னார். கடமை முடிந்தது என்று கடிதம் எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

பதிவேட்டில் ஏறிவிட்டது என்பதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. அதைச் சோதிக்க ஒருவர் சம்பவம் நடந்த இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. சில இடங்களுக்குப் போவதற்கான விலை மிக அதிகம். யு-869-இன் எண்ணைத் தெரிந்துகொள்வதற்காக மூன்று பேர் இறந்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் பதில். அவர்களுடைய மரணத்திலிருந்து அடுத்து வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது அந்தப் பதிலை மாற்றாது. ஆனால் அந்த எண் தெரிந்ததால், போர் முடிந்தபின் அவசரமாக எழுதப்பட்ட மற்ற வரிகளையும் ஆய்வாளர்கள் நம்பிக்கையோடு மட்டும் படிப்பதை நிறுத்தினார்கள். அது பெரிய லாபம்.

அடுத்த அத்தியாயத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு கப்பலைப் பார்ப்போம். யு-550. 1944 ஏப்ரல் 16 அன்று நான்டக்கெட்டுக்குத் தெற்கே, பலர் பார்த்துக்கொண்டிருக்க, படமும் எடுக்கப்பட்டு மூழ்கிய நீர்மூழ்கி. ஆள் பிழைத்திருக்கிறார்கள், இடம் குறிக்கப்பட்டிருக்கிறது, ஆவணத்தில் சந்தேகமே இல்லை. அப்படியும் அதைக் கண்டுபிடிக்க 2012 ஜூலை வரை ஆயிற்று. இந்த முறை முதலில் இறங்கியது மனிதர் அல்ல, ஒலியால் கடலடியை வரையும் கருவி. அது தேடலையே எப்படி மாற்றியது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

(தொடரும்)